முள் இல்லாத பக்கம்

நோட்டுப் புத்தகத்தில், பிப்ரவரி 3

இன்று நான் சொல்லாதது இது.

பஸ் கிளம்பும் நேரத்தில் அக்கா ஜன்னல் கம்பி வழியாகக் கை நீட்டி, மகள் மிளகின் கன்னத்தைத் தொட்டாள். "நான் இல்லாம இருந்துடுவாளாடி?" என்று கேட்டாள். "இருந்துடுவா" என்றேன். நேற்று மதியம் நடந்ததைச் சொல்லவில்லை. மிளகு என் மடியில் படுத்திருந்தாள். பாதித் தூக்கத்தில் புரண்டு, "அம்மா, தண்ணி" என்றாள். அக்கா பக்கத்து அறையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். "அம்மா அந்த ரூம்ல இருக்கா, நான் சித்தி" என்று சொல்லியிருக்கலாம். நான் "ம்" என்று மட்டும் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன்.

அக்கா செடி எண்ணுகிறவள். அதுதான் அவள் உத்தியோகம். ஒரு நிலத்தில் என்னென்ன முளைத்திருக்கிறது என்று எண்ணிக் கணக்கெடுக்கும் குழுவில் ஐந்து மாத வேலை கிடைத்திருக்கிறது. அத்தான் இறந்து இரண்டு வருடத்துக்குப் பிறகு அவள் ஆசைப்பட்டுக் கேட்ட முதல் வேலை. அந்த வறண்ட இடத்துக்கு மூன்றே முக்கால் வயதுக் குழந்தையைக் கூட்டிப் போக முடியாது. "போன் வேண்டாம். அவ குரல் கேட்டா மறு பஸ்ல வந்துடுவேன். கடிதம் மட்டும்" என்று அவளே ஒரு சட்டம் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

அந்த "ம்" பெரிய விஷயமா, ஒன்றுமே இல்லையா என்று தெரியவில்லை. முதல் கடிதத்தில் எழுதிவிட வேண்டும்.

---

பிப்ரவரி 12

அன்புள்ள அக்கா,

வண்டியில் ஏறினாலே உனக்கு வருகிற தலைவலி இந்தத் தரம் எத்தனை நாள் இருந்தது? இங்கே வந்த ஜலதோஷம் என்னை மட்டும் பிடித்துக்கொண்டு மிளகை விட்டுவிட்டது. புத்தியுள்ள ஜலதோஷம்.

மிளகு பாலர் பள்ளிக்குப் போகிறாள். முதல் நாள் வாசலில் அழுதது அவள் இல்லை, நான்தான். "நீ ஏன் அழற? உள்ள போறது நான்தானே?" என்று கேட்டுவிட்டுப் பையை ஆட்டிக்கொண்டு போய்விட்டாள். சாப்பாட்டில் தகராறு இல்லை. குளிக்கத்தான் நீதிமன்றத்தில் வாதாடுகிற மாதிரி வாதாடுகிறாள்.

பதிப்பகத்தில் எனக்கு ஒரு புது வேலை வந்திருக்கிறது. எங்கள் ஆசிரியரை உனக்குத் தெரியும், மூக்குக்கண்ணாடி. ஒன்று கண்ணில், ஒன்று நெற்றியில், மூன்றாவதைத் தேடிக்கொண்டிருப்பார். இலக்கியத்தில் பாலையும் தரிசும் எப்படி வருகின்றன என்று பலர் எழுதிய கட்டுரைகளின் தொகுப்பு ஒன்றை மெய்ப்புப் பார்க்கக் கொடுத்தார். அதோடு விடவில்லை. "முன்னுரையும் நீயே எழுதிடும்மா. இவ்வளவு படிச்சிருக்க, மூணு பக்கம் எழுதினா தேய்ஞ்சா போயிடுவ?" என்கிறார். இருநூற்று நாற்பது பக்கம் படித்து முடித்துவிட்டேன். குழப்பம்தான் மிச்சம். ஒருவர், பாலை என்பது மனதின் நிலை என்கிறார். இன்னொருவர், போரில் அழிந்த நகரம் என்கிறார். மூன்றாமவருக்கு அது கடவுள் இல்லாத வானம். ஒருவர்கூட அங்கே போய்ச் செருப்பில் மண் ஒட்ட நின்றவர் மாதிரி தெரியவில்லை. நீ அங்கேதான் நிற்கிறாய். எனக்காகப் பார்த்து எழுது. எப்படி இருக்கிறது?

உடம்பைப் பார்த்துக்கொள். தொப்பி போட்டுக்கொள்.

உன் தங்கை

---

பிப்ரவரி 27

என் அருமைப் புத்தகப்புழுவுக்கு,

ஜலதோஷம் போயிருக்கும் என்று நினைக்கிறேன். போகாவிட்டால் மாடி வீட்டு டீச்சரிடம் போய் நில். அவர் குரலைக் கேட்டால் அதுவே ஓடிவிடும். எனக்குத் தலைவலி இரண்டு நாள், முதுகுவலி நிரந்தரம். மற்றபடி சுகம்.

எப்படி இருக்கிறது என்று கேட்டாய். தகரக் கூரை போட்ட நீள அறை. ஆறு கட்டில். ஒரு மேசை, அதற்கு மூன்று கால்தான், நாலாவதுக்குச் செங்கல். வெளியே வந்தால் சாம்பல் நிறத்தில் தரை. தூரத்தில் தரை எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று யாரும் கோடு போட்டு வைக்கவில்லை. முதல் வாரம் எனக்குப் பயமாக இருந்தது. பயப்பட ஒன்றுமே இல்லாததால் வந்த பயம்.

வேலை இதுதான். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் இரும்புச் சட்டம் ஒன்று. குறித்த இடத்தில் முதுகைக் காட்டி நின்று, கண்ணை மூடி, தோளுக்கு மேலாகப் பின்னால் வீச வேண்டும். அது விழுந்த சதுரத்துக்குள் என்ன முளைத்திருக்கிறதோ அதை மட்டும் எண்ண வேண்டும். கண்ணால் பார்த்து வைத்தால் பிடித்த இடத்தில் வைத்துவிடுவோமாம். அதனால் குருட்டு வீச்சு. எங்கள் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் சதுரம். அவர் சட்டத்துக்கு வெளியே நிற்கும் மரத்தைக்கூடப் பார்க்க மாட்டார். கடைசியில் ஒரு படிவம். "தரிசு" என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் டிக் போட்டால் இங்கே சூரிய மின்தகடுகள் வரிசையாக வந்து உட்காரும். உன் கட்டுரையாளர்கள் சொல்லும் கடவுள் எல்லாம் அந்தப் படிவத்தில் கிடையாது.

மிளகு என்னைக் கேட்கிறாளா? என் புகைப்படத்தைத் தினமும் ஒருதரம் காட்டு. மறக்காமல் எழுது.

அக்கா

---

மார்ச் 15

அன்புள்ள அக்கா,

முதுகுக்குத் தலையணையை மடித்துக் கொடு, சட்டம் வீசுகிற கையை மாற்றிப் பார். நாங்கள் நலம். மிளகு ஒரு கிலோ ஏறியிருக்கிறாள், நான் தூக்குகிற போதெல்லாம் அதை அறிவித்துவிட்டு ஏறுகிறாள்.

உன் கடிதத்தை நான்கு தரம் படித்தேன். "பயப்பட ஒன்றுமே இல்லாததால் வந்த பயம்" என்ற வரியைத் திருடிக்கொள்ளலாமா?

பழைய கவிதைகளைப் பற்றிய கட்டுரை ஒன்றில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். அந்தக் காலத்தில் பாலை என்று தனியாக ஒரு நிலமே கிடையாதாம். மலையும் காடும் மழை இல்லாமல் காய்ந்து தம் குணம் கெட்டுப்போனால் அதுதான் பாலை. அப்படியென்றால் அது இடமா, பருவமா? மழை பெய்தால் எங்கே போகும்?

இன்னொன்று. ஒரு பெண் தனக்குப் பிடித்தவனோடு அந்தக் காய்ந்த வழியே போய்விடுவாள். அவளுக்கு இரண்டு தாய்மார். பெற்றவள் ஒருத்தி, வளர்த்தவள் ஒருத்தி. பெற்றவள் வீட்டில் இருந்து அழுவாள். வெயிலில் இறங்கி, எதிரே வருகிறவர்களையெல்லாம் "பார்த்தீர்களா" என்று கேட்டுக்கொண்டே தேடிப் போகிறவள் வளர்த்தவள். ஏன் அவள்? கட்டுரையாளர் அதற்குப் பதில் சொல்லாமல் அடிக்குறிப்புக்குப் போய்விட்டார். எனக்குத் தூக்கம் வராமல் போனது.

மிளகு படம் வரைகிறாள். எல்லாப் படத்திலும் ஒரு வீடு, அதில் இரண்டு பேர், பறக்கிற ஒரு மீன். உன் புகைப்படம் அலமாரி மேல் இருக்கிறது.

வெயிலில் பார்த்து இரு.

உன் தங்கை

---

ஏப்ரல் 2

புழுவே,

தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே, கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு உன்னைப் பார்த்தால் மூக்குக்கண்ணாடி நாலாவது கண்ணாடி வாங்குவார். எனக்கு இப்போது இரண்டு கையும் வலிக்கிறது. நியாயமான உடம்பு.

இருநூறு வீச்சு முடிந்துவிட்டது. நூற்று எழுபத்தாறு சதுரத்தில் ஒன்றுமில்லை. மீதியில் ஏதோ ஒரு காய்ந்த புல். தலைவர் சதுரத்துக்கு ஒரே சந்தோஷம். ஜூன் கடைசியில் மூட்டை கட்டிவிடலாம் என்கிறார். ஜூன் முப்பது! நாட்காட்டியில் வட்டம் போட்டு வை, மிளகையும் போடச் சொல்.

ஆனால் ஒன்று. ஆடு மேய்க்கிற ஒரு பெண் தினமும் எங்களைத் தாண்டிப் போகிறாள். அறுபது ஆடு. நேற்று நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தாள்.

"என்னம்மா தேடுறீங்க? எதையாவது தொலைச்சிட்டீங்களா?"

"இங்க என்ன முளைக்குதுன்னு எண்ணுறோம்."

"எத்தனை இருக்கு?"

"ஒண்ணும் இல்லை."

விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்ப என் ஆடு இத்தனை வருஷமா ஒண்ணுமில்லாததையா தின்னுட்டு இருக்குது?"

அப்போதிலிருந்து படிவத்தில் எழுதக் கை ஓடவில்லை.

என் கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. கேட்கிறாளா?

அக்கா

---

ஏப்ரல் 20

அன்புள்ள அக்கா,

கைவலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

அச்சகத்தில் அவசரம், அதனால் நீளமாக எழுத முடியவில்லை. நாட்காட்டியில் வட்டம் போட்டுவிட்டேன்.

மிளகுக்கு இப்போது உறவுமுறைப் பைத்தியம். மாடி வீட்டு டீச்சர் பழக்கிவிட்டார். "டீச்சரோட தம்பி டீச்சர் பொண்ணுக்கு என்ன வேணும்?" "மாமா." "டீச்சர் வீட்டுக்காரரோட தங்கச்சி?" "அத்தை." எல்லாம் சரியாகச் சொல்லிவிட்டு, "பஸ்ஸுக்கு டிரைவர் என்ன வேணும்?" என்று என்னைக் கேட்கிறாள். எனக்குத் தெரியவில்லை. "இது கூடத் தெரியல, நீ எப்படிப் புக்கு படிக்கிற?" என்றாள்.

அந்த ஆடு மேய்க்கிற பெண்ணை எனக்குப் பிடித்திருக்கிறது.

உன் தங்கை

---

மே 9

புழுவுக்கு,

உன் கடிதம் இளைத்துவிட்டதே, நீயும் இளைத்துவிட்டாயா? ஒழுங்காகச் சாப்பிடு. எனக்கு உடம்பு முழுக்கக் கீறல், பயப்படாதே, காரணம் எழுதுகிறேன்.

அந்தப் பெண்ணின் சிரிப்பு என்னை விடவில்லை. ஒருநாள் நான் வீசாமல் தள்ளி நின்று மற்றவர்கள் வீசுவதைப் பார்த்தேன். இங்கே இடையிடையே முட்புதர், இடுப்பு உயரம். சட்டம் அதன்மேல் விழுந்தால் யார் போய் எடுப்பது? வீசியவர்தான். கை கிழியும், சட்டை கிழியும். எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டுதான் வீசினார்கள், யாரும் ஏமாற்றவில்லை. ஆனால் வீசும்போது எல்லாருடைய தோளும் ஒரு விரற்கடை திரும்பியது. முள் இல்லாத பக்கம். எங்கள் வண்டி டிரைவரும் தன் முறை வந்தபோது அதையே செய்தார். அப்புறம் நான் வீசி, அவரைப் பார்க்கச் சொன்னேன். "நீங்களும் திரும்புறீங்கக்கா" என்றார். நான் சத்தியம் செய்திருப்பேனடி, நேராகத்தான் வீசினேன் என்று. கண்ணைத்தான் மூடினோம், கைக்கு முள் எங்கே இருக்கிறதென்று தெரிந்திருக்கிறது.

இருநூறு வீச்சும் மொட்டைத் தரையில். அதை வைத்துக்கொண்டு இந்த நிலம் காலி என்று எழுதப் போனோம்.

சதுரத்திடம் சொன்னேன். அவர் முகம் போன போக்கை எழுத முடியாது. மறுபடி வீச வேண்டும், இந்தத் தரம் கயிறு கட்டிக் கோடு போட்டு, கோடு முள்ளுக்குள் போனால் நாமும் உள்ளே போக வேண்டும். "செய்யலாம், ஆனா நீங்கதான் இருந்து செய்யணும். ஆகஸ்ட் கடைசி வரைக்கும் ஆகும்" என்கிறார்.

இரண்டு மாதத்தை மிளகிடமிருந்து எடுத்து இந்த முள்ளுக்குக் கொடுப்பது சரியா? அவள் ஏங்குகிறாள் என்றால் ஜூனிலேயே வந்துவிடுகிறேன், நிலம் எப்படியோ போகட்டும். நான் அங்கே இல்லை, நீதான் பார்க்கிறாய். நீ "வா" என்றால் வருகிறேன். "இரு" என்றால் இருக்கிறேன். யோசித்து எழுது.

மே 21 அவளுக்கு நாலு முடிகிறது. ஆட்டுக்காரப் பெண் கொடுத்த விதை நெற்றுகள் சிலவற்றை அனுப்புகிறேன். ஆட்டினால் கிலுகிலு என்று சத்தம் போடும்.

அக்கா

---

நோட்டுப் புத்தகத்தில், ஜூன் 2

மூன்று தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். ஒன்றில் "வா", இரண்டில் "இரு".

மிளகு ஏங்குகிறாளா? இல்லை. அது உண்மை. ஏன் ஏங்கவில்லை என்பதும் உண்மைதான், அதை எழுதினால் அக்கா மறு பஸ்ஸில் வந்துவிடுவாள். அறுபது ஆடு, ஒரு பெண், அவள் சிரிப்பு எல்லாம் போய்விடும். ஆகவே அந்த நிலத்துக்காகத்தான் "இரு" என்று எழுதப் போகிறேன் என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். நம்புகிற மாதிரியும் இருக்கிறது, நம்பாத மாதிரியும் இருக்கிறது.

---

ஜூன் 14

அன்புள்ள அக்கா,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. கீறல்கள் ஆறிவிட்டனவா? மருந்து போடாமல் விடாதே. நாங்கள் நலம்.

இரு. வேலையை முடித்துவிட்டு வா. மிளகு ஏங்கவில்லை.

நெற்றுகளைக் காலையிலிருந்து மாலைவரை ஆட்டுகிறாள். மாடி வீட்டு டீச்சர் இறங்கி வந்து, "இது எப்ப தீரும்?" என்று கேட்டார். "விதை கரையுற வரைக்கும்" என்றாள் மிளகு.

முன்னுரையில் ஒரு பக்கம்கூட நகரவில்லை.

உன் தங்கை

---

ஜூலை 1

தங்கைக்கு,

இரண்டு கையும் பார்க்கச் சகிக்காது, மற்றபடி நன்றாக இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்? "நாங்கள் நலம்" என்று எழுதாதே. நீ எப்படி இருக்கிறாய்?

முள்ளுக்கு அடியில்தானடி எல்லாம் இருக்கிறது. ஆடு உள்ளே வாய் வைக்க முடியாத இடத்தில் நிழல் இருக்கிறது, ஈரம் இருக்கிறது. இதுவரை நாற்பத்தொரு வகை எண்ணியிருக்கிறேன். நகத்தளவு ஊதாப் பூ ஒன்று. ஒரு பறவை நாலு முட்டை வைத்திருந்தது, அந்தச் சதுரத்தை எண்ணாமல் விட்டுவிட்டு வந்தேன். அங்கேயே வளர்ந்து முள்ளைத் தாண்டி வெளியே வருவதைத்தான் ஆடு தின்கிறது. ஒன்றுமில்லாததைத் தின்னவில்லை.

நேற்று மழை லேசாகத் தூறியது. வேலை இல்லை. உன் கடிதங்களை எடுத்துக் கட்டில்மேல் பரப்பினேன். நாலு கடிதம். தொழில் புத்தி போகுமா, எண்ணினேன். மிளகு சாப்பிடுகிறாள், வாதாடுகிறாள், மீன் வரைகிறாள், உறவுமுறை சொல்கிறாள். பக்கம் பக்கமாக மிளகு. அவள் என்னைக் கேட்டதாக ஒரு வரி இல்லை. கேட்கவில்லை என்றும் ஒரு வரி இல்லை. "அம்மா" என்ற வார்த்தையே நாலு கடிதத்திலும் ஒரு இடத்தில்கூட இல்லை. அம்மாவுக்கு எழுதுகிற கடிதத்தில்.

நீயும் முள் இல்லாத பக்கமாகத்தான் வீசிக்கொண்டிருக்கிறாய்.

என்னடி மறைக்கிறாய்?

அக்கா

---

ஜூலை 20

அக்கா,

கைக்கு என்ன மருந்து போடுகிறாய்? எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. இன்று கோடு முள்ளுக்குள் போகிறது, நானும் போகிறேன்.

மிளகு என்னை அம்மா என்று கூப்பிடுகிறாள்.

நீ கிளம்புவதற்கு முதல் நாள் மதியம் தூக்கத்தில் ஒருதரம் கூப்பிட்டாள். நான் திருத்தாமல் "ம்" என்றேன். ஜன்னலில் நீ கேட்டபோது சொல்லவில்லை. பிறகு பிப்ரவரி முழுக்க "சித்தி"தான். மார்ச்சில் ஒருநாள் பள்ளி விடும் நேரத்தில் எனக்குப் பஸ் கிடைக்காமல் தாமதமாகிவிட்டது. ஓடிப் போய் நிற்கிறேன், வாசலில் இவள் மட்டும். "எல்லாரும் அம்மான்னு கத்தினாங்க, அவங்கவங்க அம்மா வந்தாங்க. நானும் கத்தினேன். நீ வந்துட்ட" என்றாள். ஏதோ கண்டுபிடித்துவிட்ட மாதிரி முகம். அந்த முகத்திடம் "இல்லை" என்று எப்படிச் சொல்வது? சொல்லியிருக்க வேண்டும். மறுநாளிலிருந்து அதுதான் என் பெயர்.

உன் புகைப்படம் அலமாரி மேல் இருக்கிறது என்று எழுதினேன். இருக்கிறது. மேல் தட்டில், அவளுக்கு எட்டாத உயரத்தில். நாற்காலி போட்டு ஏறி நான்தான் வைத்தேன். நான் உனக்கு ஒரு பொய்கூட எழுதவில்லை, அக்கா. அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது.

முதல் மாதத்தில் உன்னைக் கேட்டாள். "அம்மா எங்க?" என்பாள். "செடி எண்ணப் போயிருக்கா" என்பேன். "எத்தனை செடி?" என்பாள். மார்ச்சில் அந்த நாளுக்குப் பிறகு கேட்கவில்லை. நீ "கேட்கிறாளா" என்று எழுதிய இரண்டு கடிதத்தையும் நான் மெய்ப்புப் பார்க்கிற மாதிரி வரி வரியாகப் படித்தேன், பிழை என் பக்கம் இருந்தது.

உனக்கு "இரு" என்று எழுதியது நிலத்துக்காகவா, எனக்காகவா? இரண்டு மாதம் கிடைத்தது என்று உன் கடிதத்தைப் படித்தவுடன் எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது. அது வந்ததை நான் பார்த்தேன். உடனே வெட்கம் வந்தது. வெட்கம் வந்ததால் சந்தோஷம் போகவில்லை, இரண்டும் ஒன்றாக உட்கார்ந்திருந்தன. நான் உன் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறேனா, எடுத்துக்கொள்கிறேனா? ராப்பகலாக யோசித்தும் எந்தக் கட்டத்தில் டிக் போடுவது என்று தெரியவில்லை.

அந்த வளர்த்த தாய் ஏன் தேடிப் போனாள் என்று கேட்டேனே. பெற்றவளுக்கு அழுவதற்கு ஓர் உரிமை இருக்கிறது, வீட்டில் உட்கார்ந்தே அழலாம். இவளுக்கு என்ன இருக்கிறது? நடக்கத்தான் கால் இருக்கிறது. அதுவும் நான் நினைத்துக்கொள்வதுதான், கவிதையில் அப்படி இல்லாமலும் இருக்கலாம். நம் கதையில் வெயிலில் நிற்பவள் நீ, வீட்டில் இருப்பவள் நான். எல்லாம் தலைகீழாக இருக்கிறது. பாலை எங்கே இருக்கிறது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. இந்த வீட்டில் இல்லை என்று மட்டும் பிப்ரவரியில் நினைத்திருந்தேன்.

திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

உன் தங்கை

---

ஆகஸ்ட் 18

தங்கைக்கு,

சுகமாக இருக்கிறாயா என்று கேட்க இருபத்தொன்பது நாள் ஆகிவிட்டது. நான் உடம்பால் சுகம். எழுத உட்கார்ந்து எழுந்துகொண்டே இருந்தேன்.

எண்ணி முடித்துவிட்டோம். ஐம்பத்து மூன்று வகை. "தரிசு" கட்டத்தில் நான் டிக் போடவில்லை. சதுரம் போட்டுக்கொள்ளலாம், அது அவர் கை. 28-ம் தேதி மதிய பஸ்ஸில் வருகிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும், நீ மட்டும்தான் மறைத்தாய் என்று இருக்கக் கூடாது. அந்த "ம்" எனக்குக் கேட்டது. இரண்டு அறைக்கும் நடுவில் இருப்பது பலகைத் தடுப்புதானே. "அம்மா, தண்ணி" என்றதும் நானும் கையிலிருந்த சேலையைப் போட்டுவிட்டு எழுந்தேன். அதற்குள் நீ "ம்" என்றுவிட்டாய். நான் மறுபடி உட்கார்ந்து பெட்டியை மூடினேன். சத்தமாக மூடினேன்.

மறுநாள் ஜன்னலில் உன்னைக் கேட்டது, நீ சொல்கிறாயா என்று பார்க்கத்தான். சொல்லியிருந்தால் இறங்கியிருப்பேன். நீ சொல்லவில்லை, அதனால் என்னால் போக முடிந்தது. போக வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது, அதை யாரிடம் சொல்வது? நாலு வயதுகூட ஆகாத குழந்தையை விட்டுவிட்டுப் போக ஆசைப்பட்டேன் என்று. உன்மேல் எனக்குக் கோபமா, நன்றியா என்று இத்தனை நாளாகப் பிரித்துப் பார்க்கிறேன். வரவில்லை. மன்னித்தேன் என்று எழுத மாட்டேன், நீயும் எழுதாதே.

அவளிடம் எதையும் சொல்லித் தயார் பண்ணாதே. அவள் பாட்டுக்கு இருக்கட்டும். வந்து பார்க்கிறேன்.

அக்கா

---

நோட்டுப் புத்தகத்தில், செப்டம்பர் 16

நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 27-ம் தேதி நான் பாய்களை உதறிப் போட்டுக்கொண்டிருந்தபோது, "யாரு வராங்க?" என்று மிளகு கேட்டாள். அக்கா எதையும் சொல்ல வேண்டாம் என்றிருந்தாள். "என் அக்கா" என்றேன். அது பொய்யில்லை. சொன்ன பிறகுதான் தோள் திரும்பியது தெரிந்தது.

28-ம் தேதி பஸ் இருபது நிமிடம் தாமதம். அக்கா கறுத்திருந்தாள். கை முழுக்கக் கோடு கோடாகத் தழும்பு. மிளகு என் காலுக்குப் பின்னால் போய் நின்று, ஒரு கண்ணால் பார்த்தாள். பிறகு விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டாள். கணக்கு வந்துவிட்டது. முன்னால் வந்து, "பெரியம்மா" என்று கூப்பிட்டாள்.

அக்கா பையைக் கீழே வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை. "ம்" என்றாள்.

அக்கா பத்தொன்பது நாள் எங்களோடு இருந்தாள். அலமாரி மேல் தட்டிலிருந்து புகைப்படத்தை முதல் நாளே இறக்கினேன், அதை எங்கே வைப்பது என்று இருவருக்கும் தெரியாமல் அது சாப்பாட்டு மேசையிலேயே கிடந்தது. மிளகு அதையும் அக்காவையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். தழும்புகளை எண்ணினாள். அறுபத்திரண்டு வரை எண்ணிவிட்டு, "மீதி நாளைக்கு" என்றாள். நாங்கள் யாரும் அவளைத் திருத்தவில்லை. அக்காவுக்கு வேறு ஊரில் வேலையும் ஒரு வீடும் கிடைத்தன, மிளகையும் கூட்டிக்கொண்டு போகிறாள். அந்த வறண்ட நிலத்தைப் பற்றி மேலிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. மூக்குக்கண்ணாடியிடம் முன்னுரையை என்னால் எழுத முடியாது என்று சொல்லிவிட்டேன். புத்தகம் அது இல்லாமலே அச்சுக்குப் போனது.

இன்று மாலை அவர்கள் இருவரையும் பஸ் ஏற்றினேன். ஜன்னல் ஓரத்தில் மிளகு, பக்கத்தில் அக்கா. நான் கீழே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வண்டி உறுமியபோது மிளகு யாரையும் பார்க்காமல், நெற்றை ஆட்டிக்கொண்டே, "அம்மா, தண்ணி" என்றாள்.

அக்காவும் நானும் ஒரே நேரத்தில் "ம்" என்றோம்.

தண்ணீர் பாட்டில் அக்காவின் பையில் இருந்தது. அவள் எடுத்துக் கொடுத்தாள். நாலு ஐம்பதுக்குப் பஸ் கிளம்பியது.